தந்தி நின்ற நேரம்

(அனுப்பாதது)

டாவன்போர்ட், அயோவா
12 செப்டம்பர் 1936

அன்புள்ள ஆரின்,

இன்று நான் சொல்லாமல் விட்டது இரண்டே சொல்: "தந்தி வந்திருச்சு."

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

நான் வேலை செய்யும் ரேடியோ நிலைய அறையை நீ பார்த்ததில்லை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் நானும் தந்திக் கருவியும் தட்டச்சு இயந்திரமும். அந்தப் பக்கம் அறிவிப்பாளர் வார்ட் கெல்லிஹர், ஒரு மைக், ஒரு மரக்கட்டை, ஒரு குச்சி, கூட்டத்தின் இரைச்சல் பதிந்த இசைத்தட்டு. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் மைதானத்தில் ஒரு பந்து வீசப்பட்டால் சற்று நேரத்தில் என் கருவி டக்டக்கென்று சொல்லும். நான் அதை ஒரு வரியாக அடித்து இடுக்கு வழியே தள்ளுவேன். வார்ட் குச்சியால் கட்டையைத் தட்டிவிட்டு, கண்ணால் பார்த்தவர் போலப் பேசுவார். ஊரே இப்படித்தான் ஆட்டத்தைக் கேட்கிறது. அப்பாவும் இன்று வெண்ணெய் ஆலை ரேடியோவில் இப்படித்தான் கேட்டிருப்பார்.

கடைசிச் சுற்று. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராகப் பேஸில். "பிட்சருக்குப் பதிலாக மட்டையடிக்க டோலஃப்சன்" என்று வந்தது. பெரிய அணியில் உன் முதல் ஆட்டம். நம் குடும்பப் பெயரை நானே அடித்தேன். அதோடு கருவி நின்றது.

தந்தி நின்றால் வார்ட் ஃபவுல் அடிக்க ஆரம்பிப்பார். கோட்டுக்கு வெளியே எத்தனை அடித்தாலும் அதற்காக ஆட்டக்காரன் அவுட் ஆக மாட்டான், மறுநாள் பேப்பரிலும் அது வராது. பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. உனக்கு நான்காவது ஃபவுலைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் கருவி மறுபடி பேசியது. மூன்று பந்து. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'சி' என்ற எழுத்து. 'சி' என்றால் மட்டையை வீசாமல் விட்ட, அம்பயர் நல்லது என்று எண்ணிய பந்து; மூன்று சேர்ந்தால் அவுட். மூன்று 'சி'. அவுட். ஆட்டம் முடிந்தது.

நீ நின்றுகொண்டே இருந்திருக்கிறாய். உறைந்த ஆற்றில் பனி உடைந்து குதிரை மூழ்கிப்போன நாளிலிருந்து அப்பா உனக்கு வைத்திருக்கும் பெயர் "நின்னு பாத்தவன்". இன்று மாவட்டமே கூடியிருக்க, அவர் காதில் அதே செய்தி விழப்போகிறது.

வார்ட் கண்ணாடி வழியே புருவத்தை உயர்த்தினார். காகிதம் என் கையில் இருந்தது. இன்னும் வரவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மேலும் பத்து ஃபவுல் அடித்தார். பதினாலு ஆனதும், 'சி' இல்லாமல் வேறு காகிதத்தில் 'அவுட்' என்று மட்டும் அடித்துத் தள்ளினேன்.

"மட்டையை வீசினான்... அடடா, போச்சே!" என்றார் வார்ட். அவர் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

ஆர்டிஸ்


டாவன்போர்ட்
15 செப்டம்பர் 1936

அன்புள்ள ஆரின்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கோடையில் பிசகிய தோள் சரியாகிவிட்டதா? நான் நலம். வெயில் குறைந்துவிட்டது, ஆற்றங்கரையில் மாலையில் நடக்க முடிகிறது.

சனிக்கிழமை உன் பெயர் வந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். உனக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது.

நூலகத்திலிருந்து துருவப் பயணிகளின் நாட்குறிப்பு ஒன்றை எடுத்துவந்து படிக்கிறேன். உணவு தீர்ந்த நாளிலிருந்து கடைசிப் பக்கம் வரை அதில் பசி என்ற சொல்லே இல்லை. காற்றின் திசை மட்டும் தவறாமல் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஆர்டிஸ்


செயின்ட் லூயிஸ்
24 செப்டம்பர் 1936

அன்புள்ள அக்கா,

தோள் நன்றாகிவிட்டது. பசியும் நன்றாக இருக்கிறது. விடுதிக்காரி வாரத்தில் ஐந்து நாள் ஒரே பீன்ஸ் போடுகிறாள், அதையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறேன். உன் இருமல் போய்விட்டதா?

ஒரு அதிசயம். அப்பாவிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. நான் வீட்டைவிட்டு வந்த மூன்று வருஷத்தில் இதுதான் முதல். முழுக் கார்டையும் எழுதுகிறேன், ஒரே வரிதான்: "பதினாலு. எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்பா."

எதை எண்ணினார்? என் சட்டை எண் முப்பத்தொன்று. வயது இருபத்திரண்டு. அறைத் தோழன் சொல்கிறான், "உங்கப்பா பதினாலு பன்னி வித்திருப்பாருடா. சந்தோஷத்துல யாருக்காவது சொல்லணும்னு தோணியிருக்கும்." நம் வீட்டில் பன்றியே இல்லை என்றேன். "அப்ப இப்பத்தான் வாங்கியிருக்காரு" என்கிறான்.

உனக்குத் தெரிந்தால் எழுது. அந்த ஒரு முறைக்குப் பிறகு என்னை இறக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. சீசன் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன்.

அன்புடன்
ஆரின்


ஆஸ்டர் ஃபால்ஸ், அயோவா
18 அக்டோபர் 1936

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? நானும் அப்பாவும் சௌக்கியம். சோளம் பாதிதான் வந்திருக்கிறது, மாடுகளுக்குப் போதும்.

பதினாலு என்னவென்று தெரிந்துவிட்டது.

வந்த மறுநாள் காலை பால் கேன்களை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனோம். வெண்ணெய் போடும் கிளாரன்ஸ் ஹெக்லண்ட் வாசலிலேயே கத்தினார். "வாய்யா பதினாலு! உன்னாலதான்யா நான் கெட்டேன்!"

"நான் என்ன பண்ணேன்?"

"மூணு பந்துல நீ போயிருவேன்னு உங்கப்பன்கிட்ட ஒரு டப்பா புகையிலை பந்தயம் கட்டினேன். நீ என்னடான்னா ஃபவுல், ஃபவுல், ஃபவுல்! ஒன்பதாவதுல நான் கடையற மெஷினையே நிறுத்திட்டேன். அன்னைக்கு வெண்ணெய் பூரா கட்டியாப் போச்சு. கம்பெனிக்காரன் கேட்டா உன் பேரைத்தான் சொல்வேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அப்பா அவருக்கு வந்த காப்பியை என் கையில் கொடுத்தார். அக்கா, அவர் கொடுத்தார். "கடைசியில வீசினான்ல. வீசிட்டு அவுட் ஆகறது வேற" என்று கிளாரன்ஸிடம் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

காப்பி சூடாக இருந்தது, அதைக் குடித்தேன்.

ரேடியோவில் அன்று என்ன சொன்னார்கள்?

ஆரின்


டாவன்போர்ட்
10 நவம்பர் 1936

அன்புள்ள ஆரின்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்தல் செய்திகளால் மூன்று வாரம் தந்தியை விட்டு எழ முடியவில்லை. இருமல் போய்விட்டது. அப்பா கம்பளி மேலங்கியைப் போட்டுக்கொள்கிறாரா? இல்லையென்றால் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே மாட்டு. கண்ணில் பட்டால்தான் போடுவார்.

நீ ஆட வந்த நேரத்தில் தந்தி நின்றுவிட்டது. எங்கேயோ கம்பி அறுந்திருக்கும். அப்படி நின்றால், மறுபடி வரும்வரை அறிவிப்பாளர்கள் ஃபவுல் அடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லா ஊரிலும் வழக்கம் இதுதான். வார்ட் செய்ததும் அதுதான். அவர் மேல் கோபப்படாதே, நல்ல மனிதர்.

அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

ஆர்டிஸ்


ஆஸ்டர் ஃபால்ஸ்
16 நவம்பர் 1936

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்ததில் சந்தோஷம். நாங்கள் நலம். மேலங்கியை வாசல் ஆணியில் மாட்டினேன். இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் போட்டுக்கொண்டார்.

நேற்று தேவாலயத்து மீன் விருந்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். ஏப்ரலில் அப்பா செயின்ட் லூயிஸ் வரப்போகிறாராம். "பதினஞ்சாவதை நேர்ல பாக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிப்ரவரி கடைசியில் ஃப்ளோரிடா பயிற்சி முகாமுக்கு வரும்படி அணியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அங்கே தேறினால்தான் ஏப்ரல். இது அவருக்கும் தெரியும்.

சாப்பிடும்போது உருளைக்கிழங்கு ரொட்டியில் பெரியதை என் பக்கம் தள்ளுகிறார். நான் அதைப் பாதியில் வைத்துவிடுகிறேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாய் வரை வருகிறது.

ஒரு சந்தேகம். என் மூன்று பந்தும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டன. பதினாலு ஃபவுலை நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன், ஏழு நிமிஷம் ஆகிறது. தந்தி எவ்வளவு நேரம் நின்றிருந்தது?

ஆரின்


டாவன்போர்ட்
6 ஜனவரி 1937

அன்புள்ள ஆரின்,

புத்தாண்டு வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு வராததற்குப் பனியைக் காரணம் சொன்னேன். ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தந்தி ஒன்றரை நிமிஷம் நின்றது. மீதி நேரம் நான்.

செப்டம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் இதோடு இருக்கிறது. அன்று நான் முதலில் அடித்து, உள்ளே தள்ளாமல் வைத்துக்கொண்ட காகிதமும் இருக்கிறது. போன கடிதத்தில் பழியை வார்டின் தலையில் போட்டேன். அதுவும் தப்பு.

வார்டிடம் நேற்று சொன்னேன். அவர் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் டோலஃப்சன், கண்ணாடி ரெண்டு பக்கமும் தெரியும். உங்க கையில காகிதம் இருந்ததை நான் பாத்தேன்."

"அப்ப ஏன் நிறுத்தலை?"

"எட்டாவது ஃபவுலுக்கு அப்புறம் எனக்கே நிறுத்த மனசு வரலை." குச்சியைக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை வேண்டாம்" என்றார்.

உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அது மட்டும்தானா காரணம் என்று இப்போது தெரியவில்லை. நீ நின்றாய் என்பதை நானும் கேட்க விரும்பவில்லை போலிருக்கிறது.

காகிதத்தை என்ன செய்வது என்று நீ முடிவு செய்.

ஆர்டிஸ்


ஆஸ்டர் ஃபால்ஸ்
19 ஜனவரி 1937

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். குளிர் கடுமை. கிணற்றடியில் பம்பு உறைந்துவிட்டது, தினமும் வெந்நீர் ஊற்றுகிறோம்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதி மூன்று முறை கிழித்தேன். கொஞ்சம் இருக்கிறது. ஃபவுலுக்காக இல்லை. மூன்று 'சி'யைப் பார்த்ததும் நான் பயந்து நின்றேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய், அதற்காக.

எனக்கு முன்னால் ஆடிய இரண்டு பேருக்கும் அந்தப் பிட்சர் ஒரு நல்ல பந்துகூடப் போடவில்லை. எனக்கும் நான்கு மோசமான பந்து போட்டால் அடிக்காமலே பேஸுக்குப் போகலாம் என்று, நான் உள்ளே போனதும் கோச் பெல்ட்டைத் தொட்டார். பெல்ட்டைத் தொட்டால் விட வேண்டும், எவ்வளவு நல்ல பந்தானாலும். முதல் பந்து நடுவில் வந்தது, விட்டேன். மறுபடி பெல்ட்டைத் தொட்டார். மறுபடி நடுவில் வந்தது, விட்டேன். மூன்றாவதற்கு அவர் தொடவில்லை. அது முழங்காலுக்குக் கீழே வந்தது. நானாகவே விட்டேன். அம்பயர் வேறு மாதிரி நினைத்தார். இன்று கேட்டாலும் அது கீழேதான் வந்தது என்பேன். கோச் பெல்ட்டைத் தொட்டதை எந்தத் தந்தியும் அனுப்பாது.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஆற்றில் பனி உடைந்தபோது அப்பா என்னைப் பார்த்து, "நில்லு! அங்கயே நில்லு! அசையாதே!" என்று கத்தினார். என் காலடியிலும் பனி கீறிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். அவர் மார்பளவு தண்ணீரில் இறங்கி, குதிரையைக் காப்பாற்ற முடியாமல் கரையேறி, "நின்னு பாத்துக்கிட்டே இருந்தியேடா" என்றார். நீ வீட்டுக்குள் இருந்தாய். உனக்கு அவர் சொன்னது மட்டும்தான் வந்தது.

காகிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். பால் கறந்துகொண்டிருந்தார். படித்துச் சொன்னேன்.

"பதினாலு?"

"இல்லப்பா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல. மூணும் விட்டேன்."

வாளியில் பால் விழும் சத்தம் நிற்கவில்லை.

"யாரு விடச் சொன்னது?"

"கோச்சு. முதல் ரெண்டும். மூணாவது நானே."

"அவன் சொன்னா நிக்கணுமா?"

"சொன்னா நிக்கணும்பா."

அப்போது அவர் கை நின்றது. பசு திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கறக்க ஆரம்பித்தார். ஆற்றைப் பற்றி நான் பேசவில்லை. கத்தியது அவருக்கு நினைவிருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. அன்று இரவு முதல் அவர் பேசுவது மாடுகளிடம் மட்டும்தான். பெரிய ரொட்டி தட்டின் நடுவில் கிடக்கிறது, இருவரும் தொடுவதில்லை.

சொல்லாமல் இருந்திருந்தால் ஏப்ரல் வரை சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் சொன்னது சரிதான்.

ஆரின்


(தபால் கார்டு)

ஆஸ்டர் ஃபால்ஸ்
2 பிப்ரவரி 1937

அன்புள்ள ஆர்டிஸ்,

இங்கு எல்லோரும் சுகம். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது. சிவப்புப் பசு ஈன்றது, கிடாரி. ஆற்றில் நில்லு என்று சொன்னது நான்தான். ஆரின் பக்கத்து அறையில் இருக்கிறான். நேரே சொல்ல வரவில்லை. நீ எழுதிவிடு.

அப்பா


டாவன்போர்ட்
4 பிப்ரவரி 1937

அன்புள்ள ஆரின்,

நலம்தானே? கார்டு பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் வந்தது. மேலங்கிகூடப் போடாமல் தபால் நிலையத்துக்கு வந்து, நின்றபடி எழுதுகிறேன். கார்டையே இதோடு வைத்திருக்கிறேன். வந்ததை வந்தபடி அனுப்புகிறேன். ஒரு எழுத்தும் குறைக்கவில்லை, சேர்க்கவுமில்லை.

நானும் அவர் சொன்னதை நம்பியிருந்தேன். அதற்கு மன்னித்துக்கொள்.

ஆர்டிஸ்


(கடிதக் கட்டின் மேல் காகிதத்தில் நான், ஆர்டிஸ், எழுதிவைத்தது, 20 ஜூன் 1937)

பிப்ரவரியில் நான் அனுப்பிய கடிதம் அந்தச் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. சாலையோரப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து ஆரின் கையில் கொடுத்தவர் அப்பாதான். உறையைப் பிரிக்கும்வரை அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாராம்.

மார்ச் இருபதாம் தேதி ஆரினை முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அணியின் ஆண்டுப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே ஒரு ஆட்டம், ஒரு அவுட் என்று இருக்கிறது. இப்போது அவன் ஆலையில் வேலை செய்கிறான். கிளாரன்ஸ் இன்னும் "பதினாலு" என்றுதான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் அப்பா, "மூணு" என்று திருத்துகிறார்.